ஆட்சேபணை இல்லையேல்

என் அக்காவின் கணவருக்கு நிதி அமைச்சகத்தில் ‘கமா’ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. செயலாளர் முதல் வாசலில் நிற்கும் காவல்காரர் வரை எல்லாருக்கும் அவர் கமாதான். ஏதோ ஒரு பெரிய ஒப்பந்தத்தில், இரண்டு நாட்டு வக்கீல்களும் படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்ட வாக்கியம் ஒன்றில், இவர் ஒரு கமாவைத் தூக்கி நாலு வார்த்தை தள்ளி வைத்தாராம். அதில் அபராத வட்டி முழுவதும் கழன்று போனதாம். அதற்காக யாரும் மாலை போடவில்லை. பட்டப்பெயர்தான் போட்டார்கள்.

இதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது.

"ஒரு கமா போட்டதுக்கா அத்தான் கவர்மென்ட்டு உங்களுக்குச் சம்பளம் குடுக்குது?" என்றேன்.

"போட்டதுக்கு இல்லம்மா, எடுத்ததுக்கு" என்றார். சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே குலுங்கிச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கும் அவர் கமா அத்தான். அவருக்கு நான் வாயாடி.

அமைச்சகம் அத்தானை வெளிநாட்டில் இருக்கிற நம் தூதரகத்துக்கு அனுப்பியது. தூதரகத்தில் வேலை என்றதும் நம் ஆட்களுக்குக் கோட்டும் சூட்டும், கொடி கட்டின காரும், விருந்தும்தான் கண்ணுக்குத் தெரியும். எங்கள் சொந்தக்காரர்களும் அப்படித்தான் வாயைப் பிளந்தார்கள். உண்மை வேறு. தூதரகம் வெளியுறவுத் துறைக்காரர்களின் வீடு. கடன், உதவி, வட்டி என்று பேசுவதற்காக நிதி அமைச்சகம் அனுப்பிவைக்கிற ஆள் அங்கே வீட்டோடு மாப்பிள்ளை. சாப்பாடு உண்டு, மரியாதையும் உண்டு, சாவிக்கொத்து கிடையாது. அத்தானுக்குக் கொடுத்த அறை பின்பக்க மாடிப்படியை ஒட்டி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நகல் எடுக்கும் இயந்திரம். அது ஓடும்போதெல்லாம் இவர் மேசையில் தண்ணீர் டம்ளர் நடுங்கும். தூதர் இவரை நிதி அமைச்சகத்தின் ஒற்றன் என்று நினைத்தார். நிதி அமைச்சகமோ இவரை வெளிநாட்டில் சொகுசு கண்டவர் என்று நினைத்தது. இரண்டு பக்கத்துக்கும் இவர் அந்தப் பக்கத்து ஆள்.

வேலையும் ஒரு மாதிரியானதுதான். நாள் முழுவதும் பேச வேண்டும், ஆனால் ஒரு வார்த்தைகூடச் சொந்தமாகப் பேசக் கூடாது. எதிரில் இருப்பவர் ஒன்று கேட்டால் அதைத் தலைநகருக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பதில் வந்ததும் அதைத் தன் மனதில் தோன்றியது போலச் சொல்ல வேண்டும். அத்தான் வாயில் அதிகம் வந்தது ‘கேட்டுச் சொல்றேன்’ என்ற வார்த்தைதான். முதல் ஊரில் குடியேறியபோது வீட்டுக்காரர், ஜன்னல் திரையை நீலமாக மாற்றிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவர் பழக்கதோஷத்தில், கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பக்கத்தில் நின்ற அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "யாரக் கேப்பீங்க? என்னத்தான? நான் இங்கதான நிக்கறேன்!" என்றாளாம்.

அக்கா கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிட்டு அவரோடு போனாள். இரண்டு ஊர்களில் குடித்தனம் நடத்தினார்கள். இரண்டு வீட்டிலும் கட்டிலிலிருந்து கரண்டிவரை அரசாங்கச் சொத்து, ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் எண். சுவரில் ஆணி அடிக்க வேண்டுமானால்கூட மேலே எழுதிக் கேட்க வேண்டும். கல்யாணப் போட்டோவை அங்கே இருந்த காலமெல்லாம் அலமாரி மேல் சாய்த்தே வைத்திருந்தாள். விருந்துகளில் அவள் வேலை, பக்கத்து நாற்காலிக்காரரோடு மழை வெயிலைப் பற்றிப் பேசுவது. "மழையப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீந்துபோச்சுடி" என்று எனக்குப் போனில் சொல்வாள். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். குழந்தை இல்லை. அதை வைத்து ஒருவரை ஒருவர் ஒரு நாளும் குத்திக்காட்டியது இல்லை. அவர்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, ஒட்டாத ஜோடி என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

அத்தானுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததில் எல்லாம் மாறியது. அத்தான் ஒரே பிள்ளை. "யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும்" என்றாராம். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் யாராவது ஒருத்தராம்! யார் பெயரையும் சொல்லாமல் வேலையை ஒருத்தர் தலையில் கட்டுகிற ஒப்பந்த பாஷை அது. அக்கா பெட்டியைக் கட்டினாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரை ஐந்து வருஷம் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். கடைசியில் அவருக்கு மகன் பெயரே மறந்துபோனது. அக்காவை மட்டும் "டீச்சரம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாமனார் காலமான பிறகு அக்கா திரும்பிப் போயிருக்கலாம். அந்தச் சமயம் பார்த்து அத்தானை வேறு ஊருக்கு மாற்றினார்கள். "இதுதான் கடைசி ஊரு. மூணு வருஷம் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிடும். நானே வந்துடறேன். நீ எதுக்கு வீட்டப் பூட்டிட்டு அலையணும்?" என்றார். அக்கா சரி என்று பழைய பள்ளிக்கூடத்திலேயே மறுபடி வேலைக்குச் சேர்ந்தாள். நான் அதே குடியிருப்பில் கீழ்வீட்டில்தான் இருந்தேன். அதனால் எல்லாவற்றையும் கிட்டே இருந்து பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை விடுப்பில் வருவார். வந்த மனிதர் வீட்டுக்காரர் மாதிரியா இருப்பார்? தண்ணீர் எடுத்துக் குடிக்கக்கூட, குடிக்கலாமா என்பது போல ஒரு பார்வை. "இந்தத் துண்ட எங்க போடலாம்?" என்று ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அக்கா சாப்பாடு பரிமாறினால், "ரொம்ப நன்றி" என்பார்.

"ஐயே, பொண்டாட்டிக்கு யாராவது நன்றி சொல்வாங்களா? அடுத்து என்ன, கை குலுக்குவீங்களா?" என்று நான் வம்புக்கு இழுப்பேன். அவரும் சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்ததும் முகம் லேசாகச் சுருங்கும். அதை நான் பார்த்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை.

அப்படி ஒரு விடுப்பில்தான் மௌன நடைமுறை என்ற சனியன் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பல நாடுகள் சேர்ந்து ஒரு வாசகத்தை முடிவு செய்யும்போது, எல்லாரையும் கூட்டிவைத்துக் கையைத் தூக்கச் சொன்னால் பாதிப் பேருக்குச் சங்கடமாம். வெளிப்படையாக ஆமாம் என்றுவிட்டால் உள்ளூரில் திட்டு வாங்க வேண்டுமே. அதனால் வாசகத்தை எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, இந்த நாள் மாலைக்குள் ஆட்சேபணை இல்லையேல் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

"அன்னிக்குன்னு பாத்து ஒருத்தன் தூங்கிப்போயிட்டான்னா?" என்று கேட்டேன்.

"அவனும் ஒத்துக்கிட்டவன்தான்."

"அநியாயமா இல்ல இருக்கு!"

"அநியாயம் இல்ல வாயாடி. இது ஒரு மரியாத. யாரையும் மூஞ்சிக்கு நேரா பதில் சொல்ல வெச்சு சங்கடப்படுத்தாம விட்டுடறோம் இல்லையா?"

அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அந்த விடுப்பு முழுவதும் அதுதான் விளையாட்டு. "நாலு மணிக்குள்ள ஆட்சேபணை இல்லேன்னா சினிமா!" என்று சமையலறையிலிருந்து கத்துவாள். அத்தான் வாயில் விரலை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி சோபாவில் உட்கார்ந்திருப்பார். நான் வேண்டுமென்றே, எனக்கு ஆட்சேபணை இருக்கிறது என்று கூச்சல் போட்டுவிட்டு, முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பேன். அத்தனை சிரிப்பு அந்த வீட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அத்தானுக்கு ஒன்று புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை. எங்கள் பிறந்த வீட்டு வழக்கம் இதற்கு நேர் எதிர். பிடிக்கவில்லை என்றால் வாயை இறுக மூடிக்கொள்வோம். எங்கள் அம்மா, அப்பாவோடு பேசாமல் இருந்தே, வாங்கப் போன வீட்டை வேண்டாம் என்று சொல்லவைத்து, முன்பணத்தையும் திரும்ப வாங்கவைத்தவள். நான் ஒருத்திதான் இப்படி வாயாடியாகப் பிறந்து தொலைத்தேன். அக்கா அப்படியே அம்மா.

அத்தான் விடுப்பு முடிந்து திரும்பிப் போன மறுமாதம், அக்காவின் ஃபிரிட்ஜில் ஒரு சொட்டு மருந்துப் புட்டியைப் பார்த்தேன்.

"இது என்னக்கா?"

"கண்ணு வறண்டுபோகுதாம். அதுக்கு."

யாரிடம் கதை விடுகிறாள்? நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அது கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் போடுகிற மருந்து. என் கடையில் வாங்கினால் குட்டு உடைந்துவிடும் என்று அடுத்த தெருக் கடையில் வாங்கியிருக்கிறாள். விடாமல் குடைந்ததில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கொஞ்ச நாளாகக் கரும்பலகையின் ஓரங்கள் அவளுக்குத் தெரியவில்லை. பரீட்சைத் தாளில் ஓரத்தில் போட்டிருந்த விடைகளுக்கு மார்க் போடாமல் விட்டிருக்கிறாள். பிள்ளைகள் சண்டைக்கு வந்த பிறகுதான் கண் டாக்டரிடம் போயிருக்கிறாள். போன பார்வை திரும்பாது, இருப்பதை முடிந்தவரை பிடித்து வைக்கலாம், இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"அத்தான்கிட்ட எப்ப சொன்ன?"

"சொல்லல."

"உனக்கென்ன பைத்தியமா? இரு, இப்பவே நான் போன் போடறேன்."

"போட்டுப் பாரு. அப்புறம் உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

"கண்ணு போகுதுன்னு சொன்னா ஓடி வருவார்டி. அது எனக்குத் தெரியாதா? ஆனா அது நர்ஸ் வேல. அஞ்சு வருஷம் நான் பாத்த வேல, அது என்னன்னு எனக்குத் தெரியும். எனக்கு நர்ஸ் வேணாம், புருஷன் வேணும். மூணு வருஷம் முடியட்டும், தானா வரட்டும். வந்தப்புறம் நானே சொல்றேன். அப்பவும் அவர் மொகம் எனக்குத் தெரியும்."

கணக்கு டீச்சரின் கணக்கு அது. பார்வை இருக்கிற காலத்துக்குள் அவர் வந்துவிடுவார், அவர் முகத்தைக் கொஞ்ச காலமாவது தினமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கு மேல் அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியில் பாதியைக் காலி செய்தாள். குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் அவர் துண்டு மாட்ட ஒரு கொக்கி அடித்தாள். கல்யாணப் போட்டோவைச் சுவரில் மாட்டினாள். யாரையும் எழுதிக் கேட்காமல் ஆணி அடிப்பது எவ்வளவு சுகம் என்று சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். எப்படியும் வருஷக் கடைசியில் வந்துவிடப் போகிறேனே என்று அத்தான் அந்த வருஷ விடுப்பை எடுக்கவில்லை. அக்காவும் பொறுத்துக்கொண்டாள்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது.

அத்தான் இருந்த ஊரில் ஒரு பெரிய பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. பல நாடுகள் கூடி உட்கார்ந்து நம் நாட்டுக் கடனுக்குக் கெடுவை நீட்டித் தர வேண்டும். வாசகம் முழுவதும் இவர் கைப்பட எழுதியது. நடுவில் ஆள் மாறினால் காரியம் கெட்டுவிடும், இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று அமைச்சகம் கேட்டது. கட்டாயம் ஒன்றுமில்லை, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்களாம். இவர் கலந்து பேசிய அழகைக் கேளுங்கள். அக்காவின் கைபேசிக்கு இப்படி எழுதினார்:

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்க முடியுமான்னு கேக்கறாங்க. உனக்கு எது சௌகரியமோ அதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆட்சேபணை இல்லேன்னா சரின்னு எழுதிடறேன்."

அக்கா எழுத்துகளைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்திப் படித்தாள். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஏன் போனில் கேட்கவில்லை என்று ரொம்ப நாள் கழித்து அத்தானிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். அப்போது அவர் சொன்னதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். "அவ நான் இல்லாம பழகிட்டா வாயாடி. வேல இருக்கு, வீடு இருக்கு, நீ இருக்க. லீவுல வந்தா எனக்கு அங்க ஒரு துண்டு போட எடம் தெரியல. போன்ல கேட்டா பாவம், வேணாம்னு சொல்ல வாய் வராம வாங்கன்னுதான் சொல்லியிருப்பா. அவள அப்படி மாட்டிவிடக் கூடாதுன்னு பாத்தேன்." இதுவும் மரியாதைதான். அந்த மரியாதையைக் கொண்டுபோய் அடுப்பில் போட.

வெள்ளிக்கிழமை வரை அக்கா கைபேசியைப் பக்கத்தை விட்டு நகர்த்தவில்லை. தான் பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவருக்கு இதுகூடத் தெரியாதா என்று நம்பினாள். மேசைக்கு எதிரில் இருக்கிற அந்நிய நாட்டு அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால், ஆள் இறங்கி வரப்போகிறான் என்று கண்டுபிடித்துவிடுகிறவர் அவர். பெண்டாட்டி ஒரு வாரம் வாய் திறக்காமல் இருந்தது அவருக்குச் சம்மதமாகப் பட்டது. சனிக்கிழமை காலை அடுத்த செய்தி வந்தது. "சரின்னு எழுதிட்டேன். நீ புரிஞ்சுக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி."

அக்கா படியிறங்கி என் வீட்டுக்கு வந்து கைபேசியை என் முன்னால் வைத்தாள். இரண்டு செய்திகளையும் படித்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது.

"வாங்கன்னு ஒரே ஒரு வார்த்த எழுத உனக்கென்னக்கா கேடு?"

"இனிமே அதப் பத்திப் பேச வேணாம்" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதையும் நிறுத்திவிட்டவள் குரல் அது.

நீயாவது போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே மூன்றாவது ஆள் பேசினால் அது பஞ்சாயத்து, குடித்தனம் இல்லை. நான் அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இரண்டு பேர் மேலும் வந்த ஆத்திரம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்த இரண்டு வருஷத்தில் அக்காவின் பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. பள்ளிக்கூடத்தில் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டைக் கையால் படித்துக்கொண்டாள். எந்த டப்பா எங்கே, சுவர் எங்கே திரும்புகிறது, அடுப்புக் குமிழ் எவ்வளவு திருகினால் எவ்வளவு எரியும், எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிட்டது. வாரா வாரம் அத்தான் போன் செய்வார். முகம் பார்த்துப் பேசலாமா என்று எப்போதாவது கேட்பார். "தலகூட வாரல, பேசினாப் போதும்" என்பாள். கூச்ச சுபாவக்காரர், அவரும் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார். நடுவில் ஒரு விடுப்பு வந்தது. பேச்சுவார்த்தை முடிகிற கட்டம் என்று அதையும் விட்டுக்கொடுத்தார்.

கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்திரிகையில் முதல் பக்கத்தில் படம் வந்தது. அமைச்சர் யாரோடோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

"படத்துல அவர் இருக்காரா?" என்று அக்கா கேட்டாள்.

"பின்னாடி ஓரத்துல இருக்கார்க்கா. ஆனா மொகம் தெரியல. காது மட்டும்தான் தெரியுது."

"எந்தக் காது?"

"எடது காது."

"அது மேல கொஞ்சம் மடங்கியிருக்கும்" என்றாள். "பாரு, மடங்கியிருக்கா?"

பார்த்தேன். அச்சில் அதெல்லாம் தெரியவில்லை. மடங்கியிருக்கிறது என்று சொன்னேன். பேப்பரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பதே சரியாகத் தெரியாது.

ஓய்வு பெற்று அத்தான் வந்தது ஒரு மத்தியான நேரம். நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று அக்கா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தலையை நன்றாக வாரி, சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கார் வந்த சத்தமும், படியில் பெட்டி இடிக்கிற சத்தமும் கேட்டன. "வாங்க" என்று கதவைப் பார்த்துச் சரியாகச் சொன்னாள். அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். அக்கா சமையலறைக்குப் போய் டீ போட்டு எடுத்துவந்து மேசையில் வைத்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் குடித்தார். வீடு அப்படியே இருக்கிறதே என்றார். கொக்கியைப் பார்த்து, இது புதிதா என்றார். ஊரில் இருக்கிறவன் முகத்தையெல்லாம் படித்துப் பிழைத்த மனிதருக்கு, அரை மணி நேரமாக எதிரில் உட்கார்ந்திருக்கிறவளின் கண் தன் மேல் படவில்லை என்பது தெரியவில்லை.

"நான் இருந்த எடத்த நீ பாக்கவே இல்லையே" என்று கைபேசியை எடுத்தார். ஒரு படத்தைத் திறந்து அக்காவின் கையில் கொடுத்தார். அவர் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற தெரு, தெருமுனையில் ஒரு மரம். அக்கா அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்த மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். காலையில் அதைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடிப்பாராம். பேசிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்து கறுத்துப்போனது. அக்கா கறுத்துப்போன திரையைப் பார்த்தபடி, "நல்லா இருக்குங்க. மரம் நல்ல பச்சையா இருக்கு" என்றாள்.

அத்தான் பேச்சை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கி அவள் முகத்துக்கு முன்னால் அசைத்தார்.

"கைய ஆட்டாதீங்க. காத்து படுது" என்றாள் அக்கா.

அவர் கையை இறக்கினார். "எப்பலேருந்து?"

"முழுசாப் போயி ஆறு மாசம் இருக்கும். ஆரம்பிச்சது நீங்க அந்த வெள்ளிக்கெழம கேக்கறதுக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பேனே!"

"வந்திருப்பீங்க. அது தெரியும்."

"பின்ன ஏன்?"

"ஆட்சேபணை இருக்கான்னு கேட்டீங்க. வரட்டுமான்னு கேக்கலியே."

"கேட்டா வேணாம்னுடுவியோன்னு பயம்" என்றார்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன். அந்த ரெண்டு வருஷம் வேணாம்னு சொன்னேன். வாரம் பூரா பேசாம இருந்தேனே, அது உங்க காதுல விழவே இல்லையா?"

அத்தான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வயதான ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்கக் கூடாது. அவரைத் திட்டுவதற்கென்றே நான் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது எவ்வளவோ. அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அக்காதான் முதலில் தேறிக்கொண்டாள்.

"சரி, கிட்ட வந்து ஒக்காருங்க. நான் ஒங்களப் பாத்து மூணு வருஷம் ஆச்சு. இப்ப எப்படி இருக்கீங்கன்னு சொல்லுங்க."

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அது... முடி கொஞ்சம் போயிருக்கு."

"கொஞ்சமா?"

"ஓரளவுக்கு."

"ஏய், நீ சொல்லுடி. இவர் இப்படித்தான் மழுப்புவார்."

நான் அவரைப் பார்த்தேன். உச்சியில் ஒரு முடி இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்துச் சதை தொங்கியது. தெருவில் எதிரே வந்திருந்தால் யாரோ என்று விலகிப் போயிருப்பேன்.

"அப்படியேதான் இருக்கார்க்கா. ஒரு மாத்தமும் இல்ல" என்றேன்.

"பொய்" என்றார் அத்தான். அவர் அப்படி வெடுக்கென்று ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. "கெழவனாயிட்டேன். நீ பாக்காமயே கெழவனாயிட்டேன்."

அக்கா கையை நீட்டி அவர் முகத்தைத் தொட்டாள். நெற்றியையும் கன்னத்தையும் தடவிக்கொண்டு வந்த விரல்கள் உதட்டுக்கு மேல் வந்ததும் நின்றன.

"மீச எங்க?"

"எடுத்துட்டேன். நரச்சுப்போச்சு, அதான்."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"எனக்கு நீங்க மீசையோடதான் இருக்கீங்க" என்றாள் அக்கா. "கறுப்பு மீச. இனிமே என்னால அத எடுக்க முடியாதுங்க."

அத்தான் அவள் கையை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.